அப்படியே சாரும் பாப்பாவின் வேண்டாம்களும்

எங்கள் ஆபீசில் போன் எடுப்பது என் வேலை. வாங்கின சாமான் வேலை செய்யவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் கொஞ்சிப் பேசக் கூப்பிடுவதில்லை. பதிலுக்கு எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அன்று காலையில் வந்த மாதிரி ஒரு போன் எனக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. எடுத்து வணக்கம் சொல்வதற்குள் ஒரு மெஷின் குரல் "வேண்டாம்" என்றது.

"யாருங்க பேசறது?"

"வேண்டாம்."

"என்னங்க வேண்டாம்? நானா உங்களைக் கூப்பிட்டேன்? நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"வேண்டாம். வேண்டாம். வேண்டாம்."

காலங்கார்த்தாலே எவனோ விளையாடுகிறான் என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நல்லதாக நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. அது எங்கள் பலகையின் குரல். நாங்களே விற்கிற குரல் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் எப்படி?

நாங்கள் விற்பது பேசும் பலகை. வாய் பேச முடியாதவர்களுக்கானது. ஒரு தட்டு அளவுக் கம்ப்யூட்டர். திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல். அதைத் தொட்டால், அதற்குள் அவர்கள் எழுதிவைத்திருக்கும் வாக்கியத்தைப் பலகை உரக்கச் சொல்லும். ஆமாம், இல்லை, வேண்டாம், தண்ணீர், வலி என்று சில சொற்களை நாங்களே போட்டுக் கொடுப்போம். மீதியை அவரவர் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, நான் கேக்கறேன், நீங்க ஆமாம் இல்லைன்னு மட்டும் அழுத்துங்க. பலகையில கோளாறா?" என்றேன்.

"ஆமாம்."

"புது புரோகிராம் அனுப்பினோமே, அதுக்கப்புறமா?"

"ஆமாம்."

"நீங்க எழுதிவெச்ச சொல்லெல்லாம் காணோமா?"

"ஆமாம்."

அந்தப் பக்கம் யாரோ போனை வாங்கினார்கள். ஆண் குரல், தூக்கம் கெட்ட குரல். "மன்னிச்சுக்குங்க மேடம், என் தங்கச்சி. அம்மா தவறினதிலேருந்தே சரியில்லை. இப்ப என்ன கேட்டாலும் வேண்டாம், எதைக் கேட்டாலும் வேண்டாம். வெள்ளிக்கிழமை அதிகாரியம்மா மறுபடி வர்றாங்க. அவங்ககிட்டயும் இதேதான் சொல்லப்போறா."

"என்ன அதிகாரி?"

அவர் சொன்னார். அம்மா இருந்தவரை தங்கையை அம்மா பார்த்துக்கொண்டாள். இப்போது அண்ணன் அவளை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க அரசாங்கத்தில் மனு போட்டிருக்கிறார், அதை விசாரிக்கிறவர்தான் அந்த அதிகாரி. கீழ்வீட்டில் ஓர் அத்தை, ஓய்வுபெற்ற நர்ஸ், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். முடிவு தங்கையின் வாயிலிருந்து வர வேண்டும் என்பது சட்டம். அதிகாரி ஒருமுறை வந்து போய்விட்டார். எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான் வருகிறது, கேள்வி புரிகிறதா என்பதே சந்தேகம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளிக்கிழமையும் அப்படியே என்றால், அவளுக்காக அண்ணனே முடிவு செய்துகொள்ளலாம்.

போனை வைத்துவிட்டு நேராக அப்படியே சாரின் மேஜைக்குப் போனேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்காகத்தான் இதையே ஆரம்பித்தேன்.

எங்கள் ஆபீஸ் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். பலகைக்குள் இருக்கும் புரோகிராமை எழுதுகிறவர் அப்படியே சார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு பெரிய கம்பெனி, இளசுகள் போதும் என்று இவரை வெளியே அனுப்பியபோது எங்களிடம் வந்து சேர்ந்தார். ஏசி ஆகாது என்று கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புரோகிராம் தகராறு செய்தால் திரையைப் பார்த்து, "ஏம்ப்பா, உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று உண்மையாகவே கேட்பார். முதல் வாரம் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

பெயர் எப்படி வந்தது என்றால், யாராவது எதையாவது அனுப்பி, "சார், இதைத் திருத்தி வெச்சிடவா?" என்று கேட்டால், "வேண்டாம்மா, அப்படியே வை" என்பார். யாரோ அவர் மேஜையில் மறந்துவிட்டுப் போன குடை ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தது. அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஆபீசுக்கு ஒருநாள் வந்தபோது என்னிடம் புலம்பித் தீர்த்தார். "சாப்பாட்டு மேஜையில வேன் சாவியைப் போட்டுட்டேன்னு வெச்சுக்கோயேன். நகர்த்த மாட்டார்மா. சாவியைச் சுத்தித் தட்டை வெச்சுக்கிட்டுச் சாப்பிடுவார். ஏன்யா, தள்ளி வெக்கக் கூடாதான்னா, நீ ஏதோ நினைச்சு வெச்சிருப்பேங்கறார். நான் என்னத்தை நினைச்சேன்? கை வலிச்சது, போட்டேன்!"

இப்படிப்பட்ட மனிதர்தான் அந்தத் தங்கையின் சொற்களைத் தொலைத்தார். அதுதான் கொடுமை.

எப்படி என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஒருவர் பலகையில் எழுதிவைக்கும் சொற்கள் எல்லாம் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். அது மரம் மாதிரி. ஒரு கிளைக்குள் இன்னொரு கிளை, அதற்குள் வேறொன்று, எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகலாம், கேட்பாரில்லை. ஆனால் புரோகிராம் மரத்தை மரமாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யாது. அதற்கென்று ஆப்ஜெக்ட் என்ற பெட்டிகள் உண்டு. எந்தப் பெட்டியில் என்னென்ன அறை என்று எழுதுகிறவர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுவார். மரத்தைப் படித்துப் பெட்டியில் அடுக்கும். வேலை முடிந்ததும் பெட்டியில் இருப்பதை மறுபடி மரமாக்கிச் சேமிக்கும். அறை ஒதுக்காத ஒன்று மரத்தில் வந்தால் அதைப் புரோகிராம் கண்டுகொள்ளாது. கத்தாது, புகார் சொல்லாது, விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். திரும்பச் சேமிக்கும்போது அது இருக்காது.

இந்த ஆபத்து அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் வருகிற கோப்பைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால், வந்த கோலத்திலேயே ஒரு பிரதி எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பார். முதலாளிக்கு அது கண்ணை உறுத்தியது. "ஒண்ணையே எதுக்கு சார் ரெண்டு தரம் வெக்கறீங்க? இடத்தை அடைக்குது, எடுத்துடுங்க" என்றார். சார் முதல் தடவை வேண்டாம் என்றார். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றார். அடுத்த தடவை எடுத்துவிட்டார். சம்பளம் வாங்குகிற மனுஷன் எத்தனை தடவைதான் சொல்லுவான்? அதற்கப்புறம் வந்ததுதான் புது புரோகிராம். அதில் வகை என்று ஒரு பெட்டி, வகைக்குள் சொல் என்று ஒரு பெட்டி. அவ்வளவுதான். ஆபீசில் நாங்கள் செய்துவைத்திருந்த மாதிரிப் பலகைகளில் போட்டுப் பார்த்தபோது எல்லாம் கச்சிதமாக வந்தது. பின்னே, வராமல் என்ன? எல்லாமே நாங்கள் அடுக்கின மாதிரியே அடுக்கியிருந்தவை.

விஷயத்தைக் கேட்டதும் சார் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "அவங்க வீட்டுக்குப் போகலாம். நீயும் வாம்மா, உன் குரல்தான் அவங்களுக்குத் தெரியும்."

இரண்டாம் மாடி. சக்கர நாற்காலி போகிற பாதைக்குத் தரையில் பச்சை நாடா ஒட்டியிருந்தது. கதவுகள் எல்லாம் அகலம். கூடத்து மேஜையில் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு காது நூலால் கட்டியது. அண்ணன் எங்களுக்காக இடம் செய்ய அதை அவசரமாக ஓரமாய்த் தள்ளினார். நாற்காலியில் இருந்த பெண் அவரைப் பார்த்த பார்வையில், பேசாமல் எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தார். அது அம்மாவுடையது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அவளுக்கு வயது முப்பத்து நாலு. வீட்டில் பாப்பா என்று கூப்பிடுகிறார்கள். அவ்வளவு பெரிய பெண்ணைப் பாப்பா என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பலகையில் தன் பெயர் என்ற இடத்தில் அவளே அதைத்தான் போட்டிருந்தாள். மாற்ற நான் யார்? பிறவியிலிருந்தே கை கால் சொன்ன பேச்சுக் கேட்காது. இடது கை விரல் முட்டியால் கட்டத்தைத் தொடுவாள். எழுத்துப் பக்கமும் உண்டு, ஆனால் ஒரு எழுத்தைத் தொடுவதற்குள் கை நாலு இடம் போய்வரும். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதிகாரியும் அதைத்தான் செய்திருக்கிறார்.

சார் செய்யவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "என்ன காணோம்னு நீங்களே எழுதுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார். அண்ணன் டீ போட்டுக்கொண்டு வந்தார், டீ ஆறியது. பாப்பா எழுதி முடித்தாள்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேண்டாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாருக்கு உடனே விளங்கியது. "சொல்லுக்குள்ள சொல்லு வெச்சிருந்தீங்களா? கட்டத்தை அழுத்திப் பிடிச்சா உள்ளே ஒரு பக்கம் திறக்கும், அதுலயா?" என்றார்.

"ஆமாம்."

பழைய புரோகிராமில் அப்படி ஒரு வழி இருந்தது. வழிகாட்டிப் புத்தகத்தில் கிடையாது. யாரும் உபயோகிப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. இவள் கண்டுபிடித்து, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அம்மா என்ற சொல்லுக்குள் அம்மாவிடம் சொல்லும் வேண்டாம், டாக்டர் என்பதற்குள் டாக்டரிடம் சொல்லும் வேண்டாம், கீழ்வீட்டு அத்தைக்கு, அண்ணனுக்கு, அண்ணன் பிள்ளைகளுக்கு. கட்டத்தில் எழுதியிருப்பது ஒரே சொல். தொட்டால் வருவது வேறு வேறு பேச்சு. நாமும் அப்படித்தானே? மகனிடம் சொல்கிற வேண்டாமும் மேனேஜரிடம் சொல்கிற வேண்டாமும் ஒன்றா? புதுப் புரோகிராமில் சொல் என்ற பெட்டிக்குள் இன்னொரு சொல்லுக்கு அறையே இல்லை. அத்தனையையும் விட்டுவிட்டது. மிஞ்சியது நாங்கள் போட்டுக் கொடுத்த கடைச்சரக்கு வேண்டாம் ஒன்றுதான். யாரிடம் இருக்கப்போகிறாய், ஏன் என்று ஆமாம் இல்லையில் அடங்காத கேள்விகளுக்கெல்லாம், அதை வைத்துக்கொண்டுதான் இவள் அதிகாரியிடம் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

சார் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "தப்பு என்னுதுங்க. நான் எழுதின புரோகிராம்தான் உங்க சொல்லைத் தின்னுடுச்சு."

பாப்பா யோசிக்கவே இல்லை. முட்டியை நேராகக் கொண்டுபோய் அழுத்தினாள். "ஆமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். சாரும் தலையை ஆட்டிக்கொண்டார். அண்ணன் மட்டும் சங்கடப்பட்டு, "பாப்பா!" என்று அதட்டினார். அவர் கெட்டவரில்லை, சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகள், ஷிப்ட் வேலை, தினம் சாயங்காலம் ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து தங்கையைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போகிறார், முடியாத ராத்திரி அங்கேயே படுத்துவிடுகிறார். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவளை ஒழித்துக்கட்ட நினைக்கிற முகமில்லை அது. எங்கேயாவது உட்கார இடம் கிடைக்குமா என்று பார்க்கிற முகம்.

ஆபீசுக்கு வந்ததும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "பழைய பிரதி இல்லையா சார்?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "இருக்கும் சார், எப்படி இல்லாம போகும்? இடத்தை அடைக்குதுன்னு நீங்க தூக்கச் சொன்னீங்களே, அந்தக் குப்பையில போய்த் தேடுங்க, இருக்கும்" என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். முதலாளி முகம் சுண்டிப்போனது. சார்தான் கையைக் காட்டி என்னை அடக்கினார். "விடும்மா. சொன்னது அவர், எடுத்தது என் கைதானே" என்றார். இந்த மனிதருக்காக நான் சண்டைக்குப் போனால், எதிராளிக்கு இவரே வக்கீலாகிவிடுவார்.

சார் நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்து, "ஏம்ப்பா, பேசினது இருக்குமே?" என்றார்.

இருந்தது. பலகை ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒரு துண்டுக் கோப்பு எங்களுக்கு வரும். குரல் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக, வாங்கும்போதே அவர்களிடம் சம்மதம் கேட்டு வைத்த ஏற்பாடு. அதுவும் எக்ஸ்எம்எல்தான். எந்தக் கட்டம், அது எதற்குள், அது வேறு எதற்குள் என்று முழு வழியும், பேசின வாக்கியமும் அதில் இருக்கும். அந்தத் துண்டுகளை எந்தப் பெட்டியிலும் அடுக்காமல் வந்தது வந்தபடி ஒரு மூலையில் குவித்துவைத்திருந்தார். முதலாளி கண்ணில் அது படவில்லை. பட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

நான் துள்ளிக் குதித்தேன். "அப்புறம் என்ன சார், திறங்க! படிச்சுப் பார்த்து ஒவ்வொண்ணா போட்டுடலாம்."

"படிக்கக் கூடாதும்மா."

"ஏன்?"

"அவங்க அம்மாகிட்டப் பேசினது, டாக்டர்கிட்டப் பேசினது, எல்லாம் இருக்கும். குரல் வருதான்னு பார்க்கத்தான் சம்மதம் கொடுத்தாங்க. உன் வீட்டுச் சுவத்துல காது வெச்சு நான் கேட்டா நீ சும்மா இருப்பியா?"

"உசிர் போற நேரத்துல இது என்ன சார் நியாயம்! படிக்காம சரியா வந்திருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வழி மட்டும் தெரிஞ்சா போதும். வாக்கியம் சரியான்னு அவங்க பார்த்துப்பாங்க. அவங்க பேச்சுதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ போனை எடுத்துப் பாப்பாவைக் கூப்பிட்டு, எங்களிடம் என்ன இருக்கிறது, என்ன செய்யப் போகிறார் என்பதை விளக்கிச் சொல்லி, "எடுக்கலாமா? நான் ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன்" என்றார். "ஆமாம்" என்றது பலகையின் குரல்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் வாக்கியம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் புள்ளிகள் வருகிற மாதிரி முதலில் செய்துகொண்டார். அப்புறம்தான் தேட ஆரம்பித்தார். தேடும் கட்டளையில் ஒரு சாய்கோடு போட்டால் அடுத்த படியில் மட்டும் எட்டிப் பார்க்கும். இரண்டு சாய்கோடு போட்டால் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் போய்ப் பிடித்துக்கொண்டு வரும். பழக்கத்தில் கை ஒன்றுதான் போட்டது. கொஞ்சமே கொஞ்சம் வந்தது. "பார்த்தியா, இன்னும் புத்தி வரலை எனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னொன்று போட்டார். திரை நிறைந்து வழிந்தது. புள்ளி, புள்ளி, புள்ளி. ஒரு வாக்கியமும் தெரியாமல் ஒரு வீட்டின் பேச்சு முழுவதும் மேலே ஏறிக்கொண்டே போனது. படிக்காமல் இருந்தது நல்லதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் மிதப்பாகிவிடும்.

பெட்டியையும் மாற்றி எழுதினார். இனி சொல்லுக்குள் சொல் இருக்கலாம், அதற்குள்ளும் இருக்கலாம். கூடவே ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பை வைத்தார். தனக்குத் தெரியாதது எது வந்தாலும் அதைப் பையில் போட்டுவைத்து, சேமிக்கும்போது எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார். "பழைய பிரதியையும் மறுபடி வெச்சிடுங்க சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். போகட்டும், அந்த மட்டும் ரோஷம் இருக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி அவர்கள் வீடு. ஏற்றி முடித்ததும் சார் பலகையை அவள் மடிமேல் வைத்துவிட்டு, திரை தன் கண்ணில் படாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாப்பா அத்தை என்ற கட்டத்துக்குள் போனாள். முட்டி ஆடியது.

"போதும் அத்தை, வயிறு வெடிச்சிடும்" என்றது பலகை.

சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தம். அத்தை கரண்டியோடு ஓடிவந்து, "இந்தா, இதைத்தான் தினம் சொல்லி என் மானத்தை வாங்குவா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். பாப்பா தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாகப் போய்ப் பார்த்தாள். சாருக்கும் எனக்கும் கட்டம் தொடுகிற ஓசை மட்டும்தான் கேட்டது. பேச்சுவாக்கில் நான், "அப்படியே சார், வாங்க உட்காருங்க" என்றேன். பாப்பா தலையைத் தூக்கி அவரை ஒருமுறை பார்த்தாள்.

அம்மா என்ற கட்டத்துக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். எழுத்துப் பக்கத்தைத் திறந்தாள்.

"ஒண்ணு வரலை."

சார் திரும்பினார். அவருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க பேசினது மட்டும்தாங்க எங்ககிட்ட இருந்துச்சு" என்றார். "எழுதிவெச்சுட்டுப் பேசாம விட்டிருந்தா... அதை எங்கேயிருந்தும் எடுக்க முடியாது. என்னை மன்னிச்சுடுங்க."

நாங்கள் கிளம்பும்வரை பாப்பா மேஜைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பலகை ஏதாவது மக்கர் செய்தால் என்ன செய்வது என்று எங்களையும் இருக்கச் சொன்னார் அண்ணன். கூடத்து மூலையில் இரண்டு நாற்காலி. அதிகாரி நடுத்தர வயதுப் பெண். காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, மேஜையில் வைக்காமல், எதிரே உட்கார்ந்தார். முகத்தில் நம்பிக்கை இல்லை. அண்ணனைப் பார்த்து, "நீங்களே கேளுங்க" என்றார்.

அண்ணன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பாப்பா, அந்த இல்லம் நல்ல இடம்டா. தோட்டமெல்லாம் இருக்கு. நல்லாப் பார்த்துப்பாங்க. போறியா?"

பாப்பாவின் முட்டி கிளம்பியது. அண்ணன் என்ற கட்டம். அழுத்திப் பிடித்தாள். உள்ளே போனாள். ஒருமுறை குறி தவறியது, பின்னால் வந்தாள், மறுபடி போனாள்.

"அண்ணா, நீ களைச்சுப் போயிருக்கே, எனக்குத் தெரியுது. ஆனா நான் வரலை. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு."

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதிகாரியிடம் சொன்னார். "அம்மா இருந்தப்பவும் தினம் சாயங்காலம் வருவேன், எங்க வீட்டுக்கு வந்துடுன்னு இவளைக் கூப்பிடுவேன் மேடம். தினம் இதையேதான் சொல்லுவா. அம்மா போனப்புறம் நான் கூப்பிடறதையே விட்டுட்டேன். இவளுக்கு ஒண்ணும் புரியலைன்னு நெனச்சேன்."

அதிகாரி லேசில் விடுகிற ஆளில்லை. சாரைப் பார்த்தார். "இது மெஷின்ல முன்னாடியே எழுதிவெச்சதுதானே? இவங்க எழுதினதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க யாராவது எழுதி ஏத்தியிருக்கலாமே?"

சார் எழுந்து நின்றார். "நான்தான் ஏத்தினேன் மேடம். ஆனா ஒரு எழுத்துகூடப் படிக்கலை. இவங்க ஏற்கெனவே பேசினது மட்டும்தான் அதுல இருக்கு, எந்தெந்தத் தேதியில பேசினாங்கன்னு காட்ட முடியும். இப்பப் பேசினதை நானே இப்பத்தான் கேக்கறேன்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. நடிக்கத் தெரியாத முகம் அது. அதிகாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேனா மூடியைக் கழற்றினார். ஆனாலும், "யோசிக்க நேரம் வேணும்னா நான் இன்னொரு நாள் வரட்டுமா?" என்று பாப்பாவிடம் கேட்டார்.

அதிகாரிக்கு என்று பலகையில் கிளை இல்லை. பாப்பா எழுத்துப் பக்கத்தைத் திறந்தாள். கை எங்கெங்கோ போய்வந்தது. அண்ணன் உதவ எழுந்தார். சார் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இந்த முறை அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"வேண்டாம். இன்னைக்கே எழுதுங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எழுதினார். இந்த வீட்டிலேயே இருக்க விருப்பம், கேள்வி தெளிவாகப் புரிகிறது, கீழ்வீட்டுப் பெண்மணி பார்த்துக்கொள்வார் என்று எழுதி, படித்துக் காட்டி, அவள் ஆமாம் என்ற பிறகே கையெழுத்துப் போட்டார். அண்ணன் அவரை வழியனுப்பிவிட்டு வந்து தங்கையின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். பாப்பாவின் கை தடுமாறி அவர் தலைமேல் போய் விழுந்தது.

நானும் சாரும் கிளம்பினோம். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். மனசு கேட்கவில்லை அவருக்கு. அவள் பக்கத்தில் குனிந்து, "அம்மாவுக்குன்னு எழுதிவெச்சது ஒண்ணு வரலைன்னீங்களே. மெதுவா எழுதிக் கொடுத்தீங்கன்னா அதே இடத்துல வெச்சுத் தந்துடறேன். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்" என்றார்.

பாப்பா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பலகையில் முதல் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஒரு புதுக் கட்டம் இருந்தது. அப்படியே சார் என்று எழுதியிருந்தது. நேற்று நாங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்து அதைச் செய்தாளோ! அழுத்திப் பிடித்து உள்ளே போனாள். உள்ளே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. தொட்டாள்.

"வேண்டாம் சார். இருந்து சாப்பிட்டுப் போங்க."

எந்த வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன், மறு பேச்சு பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அத்தை தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மேஜை நடுவில் அந்த மூக்குக்கண்ணாடி இருந்தது. சார் அதை நகர்த்தவில்லை. தட்டை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய், சாப்பிட்டு முடித்தார்.